அத்தியாயம் 7: ஐம்பதைத் தாண்டிய ட்ரெய்லர் ஓட்டுநரின் இடுப்புப் பிடிப்பு

இந்த அத்தியாயம் தூத்துக்குடித் துறைமுகத்துக்குக் கண்டெய்னர் லாரி ஓட்டும் மூத்த ஓட்டுநர்களுக்கானது. இங்கே முதல் கண்டெய்னர் முனையம் 1999-ல் வந்தது. அன்று 25 வயதில் ஸ்டியரிங் பிடித்தவருக்கு இன்று ஐம்பதுக்கு மேல். முனையங்கள் கூடின, சாலைகள் அகன்றன, லோடு பெருகியது. அதே ஆள் அதே இருக்கையில்தான் இருக்கிறார். கேபினிலிருந்து இறங்கியதும் நிமிர முடியாமல் நாலடி குனிந்தே நடந்து, பிறகு கையை இடுப்பில் ஊன்றி நிமிர்கிறாரே, அந்தப் பிடிப்பைக் குறைக்கும் வழிகள்தான் இனி வருபவை.

மணிக்கணக்கில் உட்கார்ந்து வேலை பார்க்கும் எல்லோருக்கும் இது பொருந்தும். கிரேன் இயக்குபவர், விசைப்படகு ஓட்டுபவர், வாகைக்குளத்தில் வந்து இறங்கும் விமானத்தின் விமானி என யாராக இருந்தாலும் இடுப்புக்கு நேர்வது ஒன்றுதான். ஆனால் பயணிகள் விமானம் ஓட்டுபவருக்கு மருத்துவச் சான்று காலாவதியானால் அன்றே பறக்க முடியாது. 65 வயதில் ஓய்வும் உண்டு. லாரி ஓட்டுநருக்கோ கனரக உரிமம் புதுப்பிக்கும்போது, அதாவது ஐந்தாண்டுக்கு ஒருமுறை, படிவம் 1ஏ-வில் ஒரு மருத்துவர் கையெழுத்துப் போட்டால் போதும். இடையில் உங்கள் இடுப்பை நீங்களேதான் கவனிக்க வேண்டும்.

இதற்குப் பெரிய செலவு கிடையாது. ஒரு துண்டு, கேபின் படி, வரிசையில் நிற்கும்போது ஐந்து நிமிடம், வீட்டில் கால் மணி நேரப் பயிற்சி, கொஞ்சம் நடை போதும்.

## ஏன் பிடிக்கிறது?

மூன்றே காரணங்களைத் தெரிந்துகொண்டால் போதும்.

அசையாமல் இருப்பது. முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் டிஸ்க்குகளுக்கு வளர்ந்த வயதில் நேரடி ரத்த ஓட்டம் மிகக் குறைவு. நாம் அசையும்போது பஞ்சு போல அமுங்கி விரிந்துதான் அவை சத்தை இழுத்துக்கொள்கின்றன. உட்கார்ந்தே இருந்தால் அந்த வேலை நடக்காது. தொடையின் முன்பக்கத் தசைகளும் சுருங்கிய நிலையிலேயே இறுகி, எழும்போது இடுப்பை முன்னால் இழுக்கும்.

அதிர்வு. உட்கார்ந்திருக்கும் மனிதரின் முதுகெலும்பு விநாடிக்கு 4 முதல் 6 தடவை வரையிலான அதிர்வில்தான் அதிகம் குலுங்கும். கனரக வண்டி மேடுபள்ளத்தில் தருவதும் ஏறக்குறைய அதே அதிர்வு. லோடு ஏற்றிய வண்டியைவிடக் காலி வண்டிதான் அதிகம் குதிக்கும். கண்டெய்னரை இறக்கிவிட்டு வெறும் ட்ரெய்லரோடு வேகமாகத் திரும்பும் பயணம்தான் பல இடுப்புகளைக் கெடுக்கிறது.

வயது. டிஸ்க்கில் நீர்ச்சத்து குறையும், மூட்டு தேயும், தசை மெலியும். இதை நிறுத்த முடியாது. முதல் இரண்டு காரணங்களும் நம் கையில் இருக்கின்றன.

## முதலில் இதைப் பாருங்கள்: வண்டி எடுக்கக் கூடாத அறிகுறிகள்

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் இந்த அத்தியாயத்தை மூடிவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

உடனே, அன்றைக்கே (108-ஐ அழைக்கலாம்):

1. சிறுநீர் கழிக்க முடியாமல் போவது, அல்லது சிறுநீரோ மலமோ தெரியாமலே வெளியேறுவது.
2. ஆசனவாயையும் பிறப்புறுப்பையும் சுற்றி மரத்துப்போவது.
3. காலில் பலம் குறைவது. பாதத்தைத் தூக்க முடியாமல் செருப்பு தரையில் இழுபடுவது.
4. கேபினிலிருந்தோ கண்டெய்னர் மேலிருந்தோ விழுந்த பிறகு வரும் கடும் வலி.
5. திடீரென முதுகிலும் வயிற்றிலும் சேர்ந்து வரும் கடும் வலி, தலைசுற்றல், வியர்வை. நீண்ட நாள் பீடி, சிகரெட் பழக்கம் உள்ளவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். பெரிய ரத்தக் குழாய் வீங்கியிருக்கக்கூடும்.

ஓரிரு நாளுக்குள்:

1. காய்ச்சல், எடை குறைதல், இரவில் படுத்தாலும் விடாத வலி. முதுகெலும்பில் காசநோயா, வேறு கட்டியா என்று பார்க்க வேண்டும்.
2. விலாவுக்குக் கீழே ஒரு பக்கமாகத் தொடங்கி அடிவயிற்றுக்கு அலை அலையாக இறங்கும் வலி. இது சிறுநீரகக் கல்லாக இருக்கலாம். வழியில் சிறுநீர் கழிக்க இடமில்லை என்று தண்ணீர் குடிக்காமல் ஓட்டுபவர்களுக்கு வருவது இது.
3. முன்பு புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவருக்குப் புதிதாக வரும் முதுகுவலி.
4. இடுப்பிலிருந்து முழங்காலுக்குக் கீழே மின்சாரம் போல இறங்கி, நாளுக்கு நாள் கூடும் வலி.

இவை எதுவும் இல்லை, காலையிலும் இறங்கும்போதும்தான் இறுக்கம், கொஞ்சம் நடந்தால் தளர்கிறது என்றால் மேலே படியுங்கள்.

## இருக்கையைச் சரிசெய்தல்

ஒரே வண்டியை இரண்டு பேர் மாற்றி ஓட்டினால் ஒவ்வொரு தடவையும் இதைச் செய்ய வேண்டும். பழகிவிட்டால் இரண்டு நிமிடத்தில் முடியும். வரிசை முக்கியம், கண்ணாடியை முதலில் திருப்பினால் மற்றதெல்லாம் வீண்.

1. பின்பாக்கெட்டைக் காலி செய்யுங்கள். பர்ஸ், போன், சாவி எதுவும் இருக்கக் கூடாது. ஒரு பக்கம் பர்ஸ் மேல் உட்கார்ந்தால் இடுப்பெலும்பு சாய்ந்து, முதுகெலும்பு நாள் முழுக்கக் கோணலாக நிற்கும்.
2. கடைசி வரை பின்னால் போய் உட்காருங்கள். பிட்டத்துக்கும் சாய்மானத்துக்கும் நடுவே கை நுழையக் கூடாது.
3. உயரம். முழங்கால் இடுப்புக்குச் சமமாகவோ கொஞ்சம் தாழ்வாகவோ இருக்க வேண்டும். பாதம் தரையில் படிய வேண்டும்.
4. தூரம். கிளட்சை அடிவரை மிதியுங்கள். அப்போதும் முழங்கால் லேசாக மடிந்திருக்க வேண்டும். இடுப்பு சீட்டில் வழுக்கக் கூடாது. வழுக்கினால் இருக்கை பின்னால் இருக்கிறது. கிளட்ச் மிதித்து மிதித்து இடதுபக்க இடுப்பு மட்டும் வலிப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.
5. சாய்மானம். நேர் செங்குத்தாக வேண்டாம். 100 முதல் 110 டிகிரி வரை லேசாகப் பின்னால் சாயட்டும்.
6. துண்டு. குளிக்கும் துண்டு ஒன்றைச் சுருட்டி, பெல்ட் கட்டும் இடத்துக்குச் சற்று மேலே, முதுகு உள்வாங்கும் பள்ளத்தில் வையுங்கள். அமுங்கிய பிறகு உள்ளங்கை கனம் இருந்தால் சரி. தடித்த தலையணை வைத்தால் உடம்பு முன்னால் தள்ளப்படும், அது வேண்டாம்.
7. ஸ்டியரிங். தோள்பட்டை சாய்மானத்தில் பட்டபடியே, முழங்கை மடிந்த நிலையில் எட்ட வேண்டும்.
8. எடைத் திருகு. காற்று அல்லது ஸ்பிரிங் சஸ்பென்ஷன் உள்ள இருக்கையில் உங்கள் எடைக்கு வைக்கும் திருகு உண்டு. பள்ளத்தில் ‘டக்’ என்று அடியில் தட்டினால் தளர்வாக இருக்கிறது. இருக்கை அசையவே இல்லை என்றால் இறுக்கமாக இருக்கிறது.
9. கண்ணாடிகள் கடைசியில். நன்றாக நிமிர்ந்து உட்கார்ந்து கண்ணாடிகளைத் திருப்புங்கள்.

குறிப்பு: நிமிர்ந்து வைத்த கண்ணாடியில் இரண்டு மணி நேரம் கழித்துப் பின்வண்டி சரியாகத் தெரியவில்லை என்றால் நீங்கள் சரிந்திருக்கிறீர்கள். கண்ணாடியைத் தொடாதீர்கள், உடம்பை நிமிர்த்துங்கள்.

அடிக்கடி நடக்கும் தவறு: மணி கோத்த சீட் கவர் காற்றோட்டத்துக்கு நல்லது. அதிர்வை அது தாங்காது. பஞ்சு அமுங்கிப்போன இருக்கைக்கு மேல் மணி கவர் போட்டு ஓட்டுவதில் பயனில்லை. பஞ்சை மாற்றித் தரச் சொல்லுங்கள்.

## ஏறுவதும் இறங்குவதும்

ஒரு நாளில் எத்தனை இடத்தில் இறங்குகிறோம் என்று எண்ணிப் பாருங்கள்: யார்டு, சி.எஃப்.எஸ். (கண்டெய்னர் சரக்கு நிலையம்), எடைமேடை, துறைமுக கேட், டீக்கடை. கடைசிப் படியிலிருந்து குதிக்கும் ஒவ்வொரு தடவையும் உடல் எடையின் பல மடங்கு இடுப்பில் இறங்குகிறது. அதுவும் மணிக்கணக்கில் மடங்கிக் கிடந்த இடுப்பில்.

1. ஹேண்ட்பிரேக் போட்டு, கியரை நியூட்ரலில் வைத்து, இன்ஜினை நிறுத்துங்கள்.
2. எழும் முன் சீட்டிலேயே ஐந்து தடவை இடுப்பை முன்னும் பின்னும் உருட்டுங்கள்.
3. முகம் கேபினைப் பார்த்தபடி திரும்புங்கள். சாலைக்கு முதுகு காட்டித்தான் இறங்க வேண்டும்.
4. இரண்டு கை ஒரு கால், அல்லது இரண்டு கால் ஒரு கை: எப்போதும் மூன்று பிடி இருக்கட்டும். போன், டிபன் பாக்ஸ், பேப்பர்களைக் கையில் வைத்துக்கொண்டு இறங்காதீர்கள்.
5. கடைசிப் படியிலிருந்து ஒரு காலைத் தரையில் ஊன்றிய பிறகே அடுத்த காலை எடுங்கள்.

உப்பும் நிலக்கரித் தூசியும் படியில் படிந்திருக்கும். காலையில் பனி சேர்ந்தால் வழுக்கும். துடைத்துவிட்டு ஏறுங்கள்.

## வரிசையில் நிற்கும்போது: ஐந்து நிமிடம்

முத்துக்குளித்துறையில் பழைய நாளில் ஒரு தோணியில் பத்துக் குளியாட்கள் போவார்கள். மூழ்குவதற்கான கல் ஐந்துதான். ஐந்து பேர் நீருக்குள் இருக்கும்போது மற்ற ஐந்து பேர் மேலே மூச்சு வாங்குவார்கள். பிறகு முறை மாறும். ஓய்வு தொழிலுக்குள்ளேயே இருந்தது. 1961-க்குப் பிறகு இந்தக் கரையில் பெரிய முத்துக்குளிப்பு நடக்கவில்லை. ஆனால் அந்த முறை இன்றைக்கும் ஓட்டுநர்களுக்குப் பொருந்தும்.

ஓட்டுநரின் ஓய்வு வரிசையில் கிடைக்கிறது. கேட் திறக்கும் வரை சீட்டிலேயே சரிந்து போன் பார்த்தால் அது இடுப்புக்கு ஓய்வாகாது. அந்த நேரத்தில் இவற்றைச் செய்யுங்கள்.

முதலில் பாதுகாப்பு:

- முனைய யார்டுக்குள், கிரேன் ஓடும் இடத்தில், அனுமதித்த பகுதியைத் தவிர வேறெங்கும் இறங்காதீர்கள். அங்கே கேபினுக்குள் செய்யும் பயிற்சி மட்டும்.
- சாலையோர வரிசையில் இறங்கினால் இடதுபக்கக் கதவு வழியாக இறங்குங்கள். ஒளிரும் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். டயருக்குக் கட்டை வையுங்கள்.
- இரண்டு வண்டிகளுக்கு நடுவே நின்று பயிற்சி செய்யவே கூடாது.

வெளியே இறங்க முடிந்தால்:

1. வண்டியைச் சுற்றி இரண்டு நடை. நாற்பதடி ட்ரெய்லரைச் சுற்றினால் டயரைப் பார்த்த மாதிரியும் ஆகும். குனிந்து பார்க்க வேண்டாம். முழங்காலை மடக்கி உட்கார்ந்து பாருங்கள்.
2. பின்னால் சாய்தல். கால்களைத் தோள் அகலத்துக்கு வைத்து, உள்ளங்கைகளை இடுப்பின் பின்னால் ஊன்றி, மெதுவாகப் பின்னால் சாய்ந்து திரும்புங்கள். ஐந்திலிருந்து எட்டு தடவை.
3. தொடை முன்பகுதி. கேபின் கைப்பிடியைப் பிடித்து, வலது காலை ஓரடி முன்னும் இடது காலைப் பின்னும் வையுங்கள். பிட்டத்தை இறுக்கி இடுப்பை முன்னால் தள்ளுங்கள். இடது தொடை மடிப்பில் இழுக்க வேண்டும். 20 விநாடி, பிறகு மறுகால்.
4. தொடை பின்பகுதி. ஒரு குதிகாலைத் தாழ்ந்த படியில் வைத்து, முழங்காலை நீட்டி, முதுகை வளைக்காமல் இடுப்பிலிருந்து முன்னால் சாயுங்கள். 20 விநாடி, மறுகால்.
5. அரை உட்காரல். கைப்பிடியைப் பிடித்தபடி நாற்காலியில் உட்காருவது போலப் பாதி இறங்கி எழுங்கள். எட்டு தடவை. மூச்சை அடக்காதீர்கள்.

இறங்க முடியாவிட்டால்: ஹேண்ட்பிரேக் போட்டு வண்டி நிற்கும்போது மட்டும், இடுப்பை முன்னும் பின்னும் பத்து தடவை உருட்டுங்கள், பிட்டத் தசையை இறுக்கி ஐந்து எண்ணி விடுங்கள், பத்து தடவை, பாதத்தை மேலும் கீழும் இருபது தடவை ஆட்டுங்கள், தோள்களைப் பின்னால் சுழற்றுங்கள்.

முக்கிய எச்சரிக்கை: ஐம்பதைத் தாண்டிய சிலருக்கு முதுகெலும்பின் நடுக்குழாய் சுருங்கியிருக்கும். நடந்தால் இரண்டு காலும் கனத்து மரத்துப்போகும். குனிந்தாலோ உட்கார்ந்தாலோ சரியாகும். அப்படி இருந்தால் இரண்டாம் பயிற்சியைச் செய்ய வேண்டாம். மருத்துவரிடம் காட்டிவிட்டு மற்றதைத் தொடருங்கள்.

## நெடும் பயணத்தில் எங்கே நிறுத்துவது?

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஐந்து முதல் பத்து நிமிடம் இறங்குவதுதான் இலக்கு. ஐரோப்பாவில் லாரி ஓட்டுநர் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வு எடுத்தே ஆக வேண்டும். நம் நாட்டிலும் 1961-ல் வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், ஐந்து மணி நேர வேலைக்குள் அரை மணி நேர ஓய்வு என்று வகுத்தது. இடுப்புக்கு அதற்கும் முன்பே ஓய்வு வேண்டும்.

பயணம் தொடங்கும் முன்பே நிறுத்தங்களை முடிவு செய்யுங்கள். மதுரைக்கு ஏறக்குறைய 140 கிலோமீட்டர் என்றால் எட்டயபுரத்தில் ஒன்று, அருப்புக்கோட்டையில் ஒன்று. ‘வலித்தால் நிறுத்தலாம்’ என்று போனால் வலித்த பிறகும் அடுத்த டோல்கேட் வரை ஓட்டிவிடுவோம். டீக்கடையில் போய் மறுபடி உட்காராதீர்கள். டீயை நின்றுகொண்டோ நடந்துகொண்டோ குடியுங்கள். தண்ணீரும் குடியுங்கள். நிறுத்தம் முடிவாகியிருந்தால் சிறுநீருக்குப் பயந்து தண்ணீரைக் குறைக்க வேண்டியதில்லை.

## இறங்கியதும் தூக்காதீர்கள்

ஓட்டுநர்களுக்குப் பிடிப்பு பெரும்பாலும் ஓட்டும்போது விழுவதில்லை. ஓட்டி முடித்ததும் செய்யும் முதல் வேலையில் விழுகிறது. நெடுநேரம் உட்கார்ந்திருந்த இடுப்பில் தசைநார்கள் தளர்ந்து நீண்டிருக்கும். அந்த நேரத்தில் தார்ப்பாய்க் கயிற்றை இழுத்தாலும், துருப்பிடித்த ட்விஸ்ட் லாக்கை வெட்டி இழுத்தாலும் சிக்கல்தான். கிளீனர் “அண்ணாச்சி, ஒரு கை பிடிங்க” என்று கூப்பிட்டாலும் உடனே குனியாதீர்கள்.

1. இறங்கியதும் ஐந்து நிமிடம் நடங்கள். பின்னால் சாய்தலை ஐந்து தடவை செய்யுங்கள். பிறகுதான் வேலை.
2. ட்விஸ்ட் லாக்: பக்கத்தில் போய், ஒரு காலை முன்வைத்து, முழங்காலை மடக்கித் திருகுங்கள். இறுகியிருந்தால் இரும்புக் குழாய் போட்டு நீளம் கூட்டுங்கள், இடுப்பை வெட்டாதீர்கள்.
3. தார்ப்பாய்க் கயிறு: கையால் மட்டும் இழுக்காமல் உடல் எடையைப் பின்னால் சாய்த்து இழுங்கள். இழுத்துக்கொண்டே இடுப்பைத் திருகாதீர்கள், பாதத்தோடு திரும்புங்கள்.
4. ட்ரெய்லரைத் தாங்கும் கால்களை இறக்கும் கைப்பிடி: வண்டிக்குப் பக்கவாட்டில் நின்று, இரண்டு கையாலும் சுற்றுங்கள். கனமாக இருந்தால் குறைந்த வேகக் கியருக்கு மாற்றுங்கள்.
5. ஸ்டெப்னி: ஐம்பதைத் தாண்டியவர் தனியாகத் தூக்கவே வேண்டாம். இரண்டு பேர், அல்லது நெம்புகோல்.

## வீட்டில் செய்ய வேண்டியவை

காலையில்: இரவு முழுக்கப் படுத்திருக்கையில் டிஸ்க்குகள் நீரை இழுத்து உப்பியிருக்கும். எழுந்த முதல் ஒரு மணி நேரம் ஆழமாகக் குனிவது அவற்றுக்கு ஆபத்து. தண்ணீர்க் குடம் தூக்குவது, குனிந்து பைக் துடைப்பது எல்லாம் அப்புறம்.

1. படுத்தபடியே முழங்காலை மடக்கி, இரண்டையும் சேர்த்து இடமும் வலமும் மெதுவாகச் சாயுங்கள். பத்து தடவை.
2. பக்கவாட்டில் புரண்டு, கையை ஊன்றி எழுங்கள். நேராக நிமிர்ந்து எழாதீர்கள்.
3. வீட்டுக்குள் ஐந்து நிமிடம் நடங்கள். பிறகு வெந்நீர்க் குளியல்.

மாலையில், பாயில்:

1. முதுகைத் தூக்கி இறக்குதல். கையும் முழங்காலும் ஊன்றி, முதுகை மேலே வளைத்து, பிறகு கீழே இறக்குங்கள். எட்டு தடவை, மெதுவாக.
2. பாலம். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, பிட்டத்தைத் தூக்கி ஐந்து விநாடி நிறுத்துங்கள். பத்து தடவை.
3. எதிர்க் கை, எதிர்க் கால். கையும் முழங்காலும் ஊன்றிய நிலையில் வலது கையையும் இடது காலையும் நேராக நீட்டி எட்டு விநாடி. பக்கத்துக்கு ஆறு தடவை. இடுப்பு ஆடக் கூடாது.
4. பக்கத் தாங்கல். ஒரு பக்கமாகப் படுத்து, முழங்கையையும் முழங்காலையும் ஊன்றி இடுப்பைத் தூக்கிப் பத்து விநாடி. பக்கத்துக்கு மூன்று தடவை.
5. நடை. இருபது முதல் முப்பது நிமிடம். ரோச் பூங்காவோ முத்துநகர் கடற்கரையோ உங்கள் தெருவோ, எங்கானாலும் சரி.

இதய நோய், கட்டுப்படாத ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். செய்யும்போது இழுப்பு தெரியலாம். குத்தலோ, காலுக்கு இறங்கும் வலியோ வந்தால் அந்தப் பயிற்சியை நிறுத்துங்கள்.

கேபினில் தூங்கும்போது: சுருண்டு கிடக்காமல் பக்கவாட்டில் படுத்து, இரண்டு முழங்காலுக்கும் நடுவே மடித்த போர்வை வையுங்கள். ஸ்டியரிங் மேல் கால் போட்டுத் தூங்குவதைத் தவிருங்கள்.

## பிடித்துக்கொண்ட நாளில்

1. ஓட்டுவதை நிறுத்துங்கள். பாதுகாப்பான இடத்தில் வண்டியை ஒதுக்கி, யார்டுக்குச் சொல்லிவிடுங்கள்.
2. முதல் சில மணி நேரம்: தரையில் மல்லாந்து, கெண்டைக்காலை நாற்காலி மேல் வைத்துப் பத்து நிமிடம் படுங்கள்.
3. சூடு: வெந்நீர்ப் பையை 15 முதல் 20 நிமிடம் வையுங்கள். சர்க்கரை நோயால் தோல் மரத்திருப்பவர்கள் சூட்டை அடுத்தவரைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், தெரியாமலே வெந்துவிடும்.
4. நடை: மணிக்கு ஒருமுறை ஐந்து நிமிடமாவது. நாள்கணக்கில் படுத்தே கிடந்தால் பிடிப்பு குணமாகத் தாமதமாகும்.
5. இரண்டாம் நாளிலிருந்து லேசான வேலை. பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் நன்றாகக் குறையும். ஆறு வாரமாகியும் குறையாவிட்டால் மருத்துவரைப் பாருங்கள்.

மறுபடி வண்டி எடுக்கும் முன் நான்கு சோதனை: நிற்கும் வண்டியில் பிரேக்கை அடிவரை பலமாகப் பத்து தடவை மிதிக்க முடிகிறதா? இரண்டு கண்ணாடியையும் தயங்காமல் திரும்பிப் பார்க்க முடிகிறதா? மூன்று பிடியோடு ஏறி இறங்க முடிகிறதா? தூக்கம் தரும் மாத்திரை எதுவும் போடாமல் இருக்கிறீர்களா? நான்குக்கும் ‘ஆம்’ என்றால் எடுங்கள். ஒன்றுக்கு ‘இல்லை’ என்றாலும் காத்திருங்கள். நாற்பதடிக் கண்டெய்னரோடு பிரேக் அடிக்கத் தாமதித்தால் முன்னால் போகிறவரின் உயிர் போகும்.

## தவிர்க்க வேண்டிய தவறுகள்

- கடையில் கேட்டு வாங்கும் ‘இடுப்பு வலி மாத்திரை’. வலி மாத்திரையும் தசை தளர்த்தும் மாத்திரையும் கலந்தே பல சமயம் கிடைக்கும். டைசானிடின், குளோர்சாக்சசோன் போன்றவை தூக்கத்தைத் தரும். டிராமடால், பிரிகாபலின், கபாபென்டின் ஆகியவையும் அப்படியே. போட்டால் ஓட்டாதீர்கள்.
- டைக்குளோஃபெனாக்கை நாள்தோறும் போடுவது. ரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப்புண், இதய நோய் உள்ளவர்களுக்கு இது ஆபத்து. மருத்துவர் சொன்ன அளவு, சொன்ன நாள் மட்டும்.
- இடுப்பை மிதிக்கச் சொல்வது, வெடுக்கென்று சுளுக்கு எடுப்பது. எலும்பு பலமிழந்த வயதில் முறிவு வரும். தைலம் தடவி மெதுவாகத் தேய்ப்பதில் தவறில்லை.
- இடுப்பு பெல்ட்டை நாள் முழுக்கக் கட்டுவது. பிடித்த சில நாளைக்கு, எடை தூக்கும் நேரத்துக்கு மட்டும். மாதக்கணக்கில் கட்டி, பயிற்சியை விட்டால் தசை மெலியும்.
- ஸ்கேன் படத்தைப் பார்த்துப் பயப்படுவது. ஐம்பதுக்கு மேல் வலியே இல்லாதவர்களின் ஸ்கேனிலும் டிஸ்க் தேய்வு தெரியும். படத்தோடு உங்கள் அறிகுறியையும் சேர்த்துத்தான் மருத்துவர் முடிவு சொல்வார்.
- பீடி, சிகரெட். டிஸ்க்குக்குப் போகும் கொஞ்ச சத்தையும் புகை குறைக்கிறது.

## மருத்துவரிடம் என்ன சொல்வது?

‘இடுப்பு வலிக்குது’ என்றால் மாத்திரை கிடைக்கும். கீழே உள்ளதை எழுதிக்கொண்டு போனால் வழி கிடைக்கும்.

1. எப்போது தொடங்கியது, எந்த வேலையில்?
2. காலையில் இறுக்கம் எத்தனை நிமிடம் இருக்கிறது? அரை மணிக்கு மேல் நீடித்தால் கட்டாயம் சொல்லுங்கள்.
3. காலுக்கு இறங்குகிறதா? மரத்துப்போகிறதா?
4. ஒரு நாளில் எத்தனை மணி நேரம் ஓட்டுகிறீர்கள்?
5. சர்க்கரை, ரத்த அழுத்தம், இப்போது போடும் மாத்திரைகள்.
6. ‘நான் கனரக வண்டி ஓட்டுகிறேன், தூக்கம் வராத மருந்து வேண்டும்’ என்ற ஒரு வாக்கியம்.

தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எலும்பு மருத்துவரையும் இயன்முறை மருத்துவரையும் பார்க்கலாம். நிறுவனம் உங்களுக்கு இ.எஸ்.ஐ. பிடித்தம் செய்தால் அந்த அட்டையைப் பயன்படுத்துங்கள். பிடிப்பது உங்கள் பணம்.

## நான்கு வாரத் திட்டம்

- முதல் வாரம்: இருக்கை, துண்டு, காலிப் பாக்கெட், குதிக்காமல் இறங்குவது. இவை மட்டும்.
- இரண்டாம் வாரம்: வரிசையில் ஐந்து நிமிடப் பயிற்சியைச் சேருங்கள், நாளுக்கு மூன்று தடவை.
- மூன்றாம் வாரம்: மாலைப் பயிற்சியில் முதல் இரண்டும் நடையும்.
- நான்காம் வாரம்: முழுப் பயிற்சி. காலியாகத் திரும்பும்போது வேகத்தைக் குறைப்பதையும் பழக்கமாக்குங்கள்.

டிரிப் சீட்டின் பின்பக்கம் ஒவ்வொரு இரவும் வலிக்கு 0 முதல் 10 வரை ஒரு எண் எழுதுங்கள். நான்கு வாரம் கழித்து எண் இறங்கியிருந்தால் தொடருங்கள். இறங்கவில்லை என்றால் அந்தச் சீட்டுகளையே மருத்துவரிடம் காட்டுங்கள்.

வண்டி வைத்திருக்கும் முதலாளிகளுக்கும் ஒரு வேண்டுகோள். புதிதாகத் தயாராகும் கனரக லாரிகளின் கேபினுக்கு 2025-ல் ஏ.சி. கட்டாயமாகிவிட்டது. பழைய வண்டிகளுக்கு அது வராது. ஆனால் அமுங்கிய இருக்கைப் பஞ்சையும், உடைந்த சஸ்பென்ஷனையும், ஆடும் கைப்பிடியையும் இன்றே மாற்றித் தரலாம். முப்பது வருட அனுபவம் உள்ள ஓட்டுநர் இடுப்புக்காக வண்டியை விட்டு இறங்கிவிட்டால், அந்த இடத்தில் உட்கார அதே அனுபவத்தோடு இன்னொருவர் கிடைக்க மாட்டார். ஓட்டுநர்களே, முதலாளி செய்யும் வரை காத்திருக்க வேண்டாம். நாளைக் காலை வண்டி எடுக்கும் முன் பின்பாக்கெட்டிலிருந்து பர்ஸை எடுத்து டேஷ்போர்டு பெட்டிக்குள் வைத்துத் தொடங்குங்கள்.